குளிர்காற்று மருந்தாக இருந்த காலம்: தாவோசும் மதனப்பள்ளியும்

சித்தூர் மாவட்டம் என்றவுடன் தமிழ் வாசகர்களுக்குக் காணிப்பாக்கமும் திருப்பதியுமே நினைவுக்கு வருகின்றன. 1911-இல் அம்மாவட்டம் உருவானபோது கடப்பையிலிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்ட மதனப்பள்ளிப் பகுதிக்கு வேறொரு வரலாறு உண்டு. ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களின் பொருளாதாரத்தையே மாற்றிய ஒரு மருத்துவ நம்பிக்கை அங்கு வந்து வேரூன்றியது. அந்நம்பிக்கையைத் தகர்த்த ஆய்வோ சென்னையில் நடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆல்ப்ஸ் கிராமங்களுக்கு வெளியூரார் வந்தது பெரும்பாலும் கோடையில்தான். சுவிட்சர்லாந்தின் தாவோசில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் அலெக்சாண்டர் ஸ்பெங்லர், உயர்மலையின் வறண்ட குளிர்காற்று காசநோய்க்கு நல்லது என்று கருதினார். 1865 பிப்ரவரியில் நோயாளிகள் இருவர் பனிக்காலத்திலேயே அங்கு வந்து தங்கினர். அதன்பின் கோடையோடு குளிர்காலமும் விருந்தினர் பருவமாயிற்று. இன்று பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் குளிர்காலப் பருவம் நோயாளிகளிடமிருந்தே தொடங்கியது.

மதனப்பள்ளி வட்டாரத்தில் கோடை ஓய்வும் நோய்ச் சிகிச்சையும் தனித்தனி இடங்களில் அமைந்தன. ஏறத்தாழ 1,265 மீட்டர் உயரமுள்ள ஏனுகு மல்லம்மா கொண்டாவில், 1870-ஆம் ஆண்டளவில் கடப்பை ஆட்சியர் டபிள்யூ.டி. ஹார்ஸ்லி கோடை இல்லம் அமைத்தார். யானைகள் பேணிய மல்லம்மா என்னும் பெண்ணைப் பற்றிய வழக்காற்றிலிருந்து பெயர்பெற்ற மலை, பின்னர் ஹார்ஸ்லி மலை ஆயிற்று. சென்னை மாகாண அரசு உதகைக்குக் கோடைதோறும் இடம்பெயர்ந்ததைப் போல, இங்கும் மலையின் பருவத்தை வரையறுத்தது ஆட்சியாளரின் வெப்ப அச்சமே.

சிகிச்சை மலையுச்சிக்குச் செல்லவில்லை. பல கிறித்தவ மிஷன்கள் கூடி 1912-இல் மதனப்பள்ளியில் தொடங்கிய காசநோய் மருத்துவமனை, 1915-இல் ஊருக்கு வெளியே ஆரோக்கியவரத்தில் நிலைபெற்றது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோல்லர் அதனை வழிநடத்தினார். பனியில்லாத நிலத்திலும் முறை ஐரோப்பாவினுடையதே: திறந்த காற்று, நீண்ட ஓய்வு, சத்துணவு. 1928-இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் இம்மரபினதே.

இம்முறையில் ஒரு சமூகச் சிக்கல் இருந்தது. மாதக்கணக்கில் வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் படுத்திருக்க எத்தனை பேரால் இயலும்? நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஈடாகப் படுக்கைகளும் இல்லை. காற்றும் ஓய்வுமே மருந்து எனில், ஏழைக்கு மருந்தே இல்லை என்பதுதான் பொருள்.

1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இக்கேள்வியை நேராகச் சோதித்தது. நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும் ஓராண்டு வழங்கினர். ஒரு குழு சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றது. மற்றொன்று நெரிசலான தன் வீடுகளிலேயே, எளிய உணவுடன் வாழ்ந்தது. 1959-இல் வெளியான முடிவுகளின்படி இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தன. வீட்டிலிருந்தோருக்கும் அது கூடுதல் ஆபத்தை விளைவிக்கவில்லை. நோயைத் தீர்த்தது மருந்து, காற்றன்று.

உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டை நோக்கித் திரும்ப இவ்வாய்வு பெருங்காரணமாயிற்று. மருந்துகளின் வரவால் தாவோசின் சானடோரியங்கள் பல விடுதிகளாக மாறின. ஆரோக்கியவரம் பொது மருத்துவமனையாகத் தொடர்கிறது. ஹார்ஸ்லி மலை சுற்றுலாத் தலமாயிற்று. சென்னைப் புறநகர் ரயிலில் செல்வோர் நாள்தோறும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தைக் கடக்கின்றனர். காற்றையே மருந்தென நம்பிய ஒரு காலம் அச்சொல்லில் எஞ்சியிருக்கிறது. அக்காலம் முடிவுக்கு வந்ததில் அதே நகரின் ஏழை நோயாளிகளுக்கும் பங்குண்டு என்பது மருத்துவ வரலாற்றில் போதிய அளவு பேசப்படுவதில்லை.