உருகாத மண்

டமாஸ்கஸ் வாள்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அவற்றுக்கு ஏற்ற எஃகு தென்னிந்தியாவில் காய்ச்சப்பட்டது என்று பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அந்த எஃகு எந்தப் பாத்திரத்தில் காய்ச்சப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. என்னைக் கேட்டவர் ஒரு மாணவர். உருகுநிலை பற்றிய பாடத்தின்போது, இரும்பு 1,538 டிகிரி செல்சியசில் உருகும் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “அப்படியானால் அதை உருக்கும் சட்டி மட்டும் ஏன் சார் உருகவில்லை?” அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவாக இல்லை. இக்கட்டுரை அந்த விடையைத் திருத்தி எழுதும் முயற்சி.

கார்பன் சேரச் சேர இரும்பின் உருகுநிலை தாழும் என்பது உண்மையே. ஆனால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கார்பன் சேர்ந்த எஃகும் முழுவதும் உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் வீட்டுச் சிவப்புப் பானை 1,200 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே தொய்ந்து சரிந்துவிடும். குற்றம் களிமண்ணுடையது அன்று. களிமண்ணின் முக்கியப் பகுதிகளான அலுமினாவும் சிலிக்காவும் வெப்பத்துக்கு எளிதில் அசையாதவை. அவற்றுடன் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பு, சோடா, பொட்டாஷ் ஆகியவையே பகைவர்கள். உப்புத் தூவினால் பனிக்கட்டி குறைந்த வெப்பநிலையிலேயே இளகுகிறது அல்லவா? அதே வேலையை இந்த இளக்கிகள் மண்ணில் செய்கின்றன.

ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் குரோஸ்அல்மெரோடே என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்க் குயவர்கள் செய்த மூசைகள் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவெங்கும் விலைபோயின. (பொன் உருக்கும் சிறு கலத்தை நம் தட்டார் குகை என்பர், நூல்களில் மூசை எனவும் வழங்கும்.) முக்கோண வாயுள்ள இம்மூசைகளின் ஓடுகள் ஆஸ்திரியாவின் ரசவாதக் கூடத்திலும், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. திடீர் வெப்பத்துக்கும் காரமான உருகல்களுக்கும் அவை அசையவில்லை. மற்ற நாட்டார் போலி செய்ய முயன்றும் அந்தத் தரம் வரவில்லை. குயவர்களும் வாய் திறக்கவில்லை.

அவர்கள் பயன்படுத்தியவை ஊர்ப்புறத்துக் களிமண்ணும் குவார்ட்ஸ் மணலுமே. அந்தக் களிமண் கயோலின் வகை; இளக்கிகள் மிகக் குறைவு. ஆயினும் நல்ல களிமண் பிற இடங்களிலும் உண்டு. மீதி மறை சூளையில் இருந்தது. தூய கயோலினைச் சூடேற்றினால் 500, 600 டிகிரி அளவில் அதன் படிகத்துள் பிணைந்த நீர் வெளியேறும். ஏறத்தாழ 1,000 டிகிரியைத் தாண்டியதும் அலுமினாவும் சிலிக்காவும் புது ஒழுங்கில் கூடி, மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் ஒரு புதிய சேர்மம் பிறக்கும். அதன் படிகங்கள் ஊசிபோல் நீண்டு, முள்வேலிபோல் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். உருக வேண்டுமானால் 1,800 டிகிரிக்கு மேல் வேண்டும். வெப்பவிரிவு எஃகினுடையதில் பாதியும் இல்லை. ஆகவே திடீரெனச் சூடேறினும் விரிசல் அரிது. ஹெஸ்ஸேக் குயவர்கள் தம் மூசைகளை 1,100 டிகிரிக்கு மேல் சுட்டதால், அச்சேர்மம் கலத்தினுள் முன்கூட்டியே விளைந்துவிட்டது.

இச்சேர்மத்தின் பெயர் முல்லைட். நம் முல்லைப் பூவுக்கும் இதற்கும் தொடர்பில்லை! ஸ்காட்லாந்தின் முல் என்னும் தீவில், எரிமலைக் குழம்பு களிமண் பாறையைச் சுட்ட இடத்தில் இது இயற்கையாகக் கிடைத்தது. போவனும் கிரெய்கும் 1924இல்தான் இதை இனங்கண்டு விவரித்தனர். ஹெஸ்ஸே மூசைகளின் வலிமைக்கு இதுவே காரணம் என்பதை மார்ட்டினோன்-டோரஸ், ரேரன், ஃப்ரீஸ்டன் ஆகியோர் 2006இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். பெயரே இல்லாத ஒரு பொருளை ஐந்நூறு ஆண்டுகள் விற்றிருக்கிறார்கள்!

சேலத்து மண்ணோ அவ்வளவு வசதியானது அன்று. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா ஹீத், சேலம் வட்டாரத்து எஃகுத் தொழிலைப் பற்றி 1839இல் எழுதினார். அரைப் பவுண்டு முதல் இரண்டு பவுண்டு வரை இரும்பைச் சிறு மூசையில் இட்டு, அதன் எடையில் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சேர்ப்பார்கள். எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபது, இருபத்துநான்கு மூசைகளை வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆவாரையும் எருக்கும் ஹீத்தைப் படித்தவர்களின் கண்ணில் பட்டன. மூசை எதனால் ஆனது என்று அவர் எழுதியதை அவ்வளவாக யாரும் பேசவில்லை: செம்மண்ணோடு மிகுதியாகக் கரித்த நெல் உமி.

செம்மண் என்றாலே இரும்பு ஆக்சைடு; அதாவது இளக்கி. அது எப்படி உலைக்குத் தாங்கியது? இங்கேதான் உமி வருகிறது. உமியை எரித்தால் அதன் எடையில் சுமார் ஐந்திலொரு பங்கு சாம்பல் நிற்கும். அச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவே. மூசைச் சுவருக்குள் காற்று புகாததால் உமி எரியாமல் கரியாகிறது. அந்தக் கரி இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, ஆக்சைடு வெறும் இரும்பாக மாறிச் சிறு மணிகளாகத் திரண்டுவிடுகிறது. இரும்பு ஆக்சைடு இளக்கி. இரும்போ இளக்கி அன்று. பகைவனை வெளியேற்ற வழியில்லாதபோது அவன் ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டார்கள் எனலாம். இத்தகைய ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த இரும்பு மணிகளைக் காணலாம்.

தெலங்காணாவின் கோனசமுத்திரத்து மூசை ஓடுகளைத் தெல்மா லோ, கேரத் தாமஸ் முதலியோர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அங்கும் முல்லைட் ஊசிகள் தென்பட்டன. உமியின் சிலிக்கா எலும்புக்கூடுபோல் நடுவே நின்று கலத்துக்கு வலுவூட்டியிருந்தது. இழை சேர்த்து வலுவூட்டிய மட்கலம் என்றே அவர்கள் இதனை வகைப்படுத்தினர். விண்கலப் பொறியாளர் தேடும் பொருள்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

ஹெஸ்ஸே மூசை உயர்ந்தது, நம்முடையது தாழ்ந்தது என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது தொலைவுக்கு அனுப்பி விற்க வேண்டிய சரக்கு. பார்வைக்கும் நேர்த்தி வேண்டும். நம் மூசைக்கோ ஒரே ஒரு முறை உலையைத் தாங்கினால் போதும். எஃகுக் கட்டியை எடுக்க அதை உடைத்தே ஆக வேண்டும். உடைக்கப் போகும் கலத்துக்கு வெண்களிமண் தேடி அலைவானேன்? களத்துமேட்டில் உமி குவிந்து கிடக்கும்போது!

உடைந்த ஓடுகள் மேடு மேடாகக் குவிந்தன. கோனசமுத்திரத்தில் அவை உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவலூரில் 1990களில் சாரதா சீனிவாசன் இத்தகைய மூசை ஓடுகளைக் கண்டறிந்தார். ஓட்டின் உட்பக்கம் உமியின் கரியால் கறுத்திருக்கும். புறத்தே அடுப்புச் சாம்பல் உருகிய கண்ணாடிப் பூச்சு. சில ஓடுகளின் உட்சுவரில் மெல்லிய கண்ணாடி விளிம்பு ஒன்று ஓடும். உருகிய எஃகு நின்ற மட்டம் அது.