பிழை திருத்துவோர் பிழைப்பு

பெல்சிய நாட்டின் அன்ற்வேப் நகரிலே பழைய அச்சகம் ஒன்று இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. கிறித்தோபர் பிளாந்தன் என்பவர் 1555 இல் அந்நகரில் தொடங்கிய அச்சுத்தொழில் அவர் வழியினரிடம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1876 இல் நகரசபையார் அந்த இல்லத்தை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவைத்தனர். உள்ளே புகுவோர் அச்சுப்பொறிகளையும் எழுத்துப் பெட்டிகளையும் கண்டு வியப்பர். ஆயின், சாளரத்தின் அருகே பெரிய மரமேசை ஒன்று கிடக்கும் ஓர் அறையும் அங்கே உண்டு. பிழை திருத்துவோர் அமர்ந்திருந்த அறை அது. அச்சிட்டவர் பெயரும் ஆக்கியோர் பெயரும் நூல்களின் முகப்பிலே பொலிகின்றன. அந்த மேசையில் இருந்தவர் பெயரைத் தேடித்தான் அறியவேண்டியிருக்கின்றது.

அவர்களுள் ஒருவர் கொர்னேலிசு கிலியான். 1558 அளவில் அச்சகத்திலே புகுந்து, எழுத்துக் கோத்து, ஏழாண்டின் பின் பிழை திருத்துவோராய் உயர்ந்து, 1607 இல் இறக்கும்வரை அத்தொழிலிலேயே இருந்தவர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிறர் நூலைப் படித்த அவர், ஒல்லாந்த மொழிக்கு ஓர் அகராதியும் செய்தார். பிழை திருத்துவோன் படும் பாட்டை இலத்தீன் செய்யுளாகவும் பாடிவைத்தார். பிழை திருந்திய பக்கத்தை எவரும் நோக்குவதில்லை. தப்பிப்போன ஒன்றையே உலகம் காணும். அவ்வகைத் தொழிலில் அரை நூற்றாண்டு இருந்தவர் தம் குறையைச் செய்யுளில் ஆற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

அங்கே வேலை நடந்த முறையையும் அறிதல் நன்று. கோப்போர் எழுத்துகளைக் கோத்து முதற்படி எடுத்துத் தருவர். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப்படியிலே கண்ணை ஓட்டிப் பிழையைக் குறிப்பர். எபிரேயம், கல்தேயம், சிரியம், கிரேக்கம், இலத்தீன் என ஐம்மொழியில் அமைந்த வேதாகமம் ஒன்றைப் பிளாந்தன் 1568 இல் எடுத்து ஐந்தாண்டளவில் எட்டுத் தொகுதியாக முடித்தார். அதன் அச்சுப்படிகளை மேற்பார்வை செய்த அறிஞரின் இருப்பிடத்துக்குக் கொண்டுசென்று, மூலத்தை வாசித்துக்காட்டியவள் பிளாந்தனின் மகள் மக்தலேனா. அப்பொழுது அவளுக்கு வயது பதின்மூன்று அளவில் இருக்கும். பொருள் தெரியாத மொழியையும் எழுத்துத் தவறாது வாசிக்கப் பழகிய அப்பெண்ணைப் பற்றித் தந்தையே ஒரு கடிதத்தில் எழுதியமையால்தான் இச்செய்தி நமக்குக் கிடைத்தது.

பிளாந்தனிடம் இருந்தோர் ஊதியம் பெற்றவர்கள். அவர்களுட் சிலருக்கு உணவும் உறையுளும் கிடைத்தன. எல்லாரும் அவ்வாறு நிலைத்த இடம் பெற்றாரல்லர். செருமனியிலே இலைப்சிக்கு நகரில் வைத்தியம் கற்ற ஒரோணிமுசு ஓர்ன்சுகு என்னும் மாணவர் படிப்புச் செலவுக்காகவே அச்சுப்படி திருத்தினார். அவர் 1608 இல் இலத்தீன் மொழியில் எழுதிய சிறு நூலே பிழை திருத்துவோருக்கென எழுந்த முதற் கைந்நூலாகக் கொள்ளப்படுகின்றது. ஓரத்தில் இடவேண்டிய குறிகளை அது படத்தோடு விளக்கும். ஆக்கியோர் தெளிவான கையெழுத்துப்படி தரவேண்டும் என்று வற்புறுத்தும். திருத்துவோன் குடிப்பழக்கத்தை விலக்கவேண்டும் என்றும் புத்திகூறும்! ஆசானின்றிக் கையாலே கற்ற ஒருவர், பின்வருவோர் அவ்வாறு இடர்ப்படாதிருக்க எழுதிய நூல் அது. 1634 இல் அது செருமன் மொழிக்கும் பெயர்ந்தது.

திருத்துவோருக்குச் செலவிட மனமில்லாதாருக்கு நேர்ந்ததை இங்கிலாந்திலே கண்டனர். 1631 இல் அரச அச்சாளர் வெளியிட்ட வேதாகமத்தில், பிறன்மனை விழைதலைத் தடுக்கும் கட்டளையிலிருந்து எதிர்மறைச் சொல் ஒன்று விடுபட்டுப்போயிற்று. விலக்கு விதியாயிற்று! அச்சாளர்க்கு முந்நூறு பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. நல்ல திருத்துவோரை வைத்திருப்பின் அத்தொகையிற் சிறு பங்கே செலவாகியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் அச்சகங்கள் பெருகியபொழுது, திருத்துவோர் தனித்தனியே குறைகூறுவதை விட்டு ஒருங்கு கூடினர். 1854 இல் அவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1867 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில், தம் ஊதியக் குறையை எடுத்துரைக்க அவர்கள் கூடிய கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் நாவலாசிரியர் சாள்சு டிக்கின்சு. தம் நூலின் படிகளை எத்தனை முறை தாம் பார்த்திருப்பினும், தாம் காணாத ஒன்றைத் திருத்துவோர் எடுத்துக்காட்டாத நாளில்லை என்ற கருத்துப்பட அவர் அங்கே பேசினார். புகழின் உச்சியில் இருந்த எழுத்தாளர் பலர் கேட்கத் தம் கடனை ஒப்புக்கொண்டமை அத்தொழிலாளருக்குப் பெரும் பலமாயிற்று.

அவர்கள் அச்சகத்துக் கூலியாளர். அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியிலோ நிலைமை மாறியது. பிரித்தானியப் பதிப்பகங்கள் உள்ளிருந்த பணியாளரைக் குறைத்து, கையெழுத்துப்படிகளை வெளியே அனுப்பலாயின. வீட்டிலிருந்தபடியே பக்கத்துக்கோ மணித்தியாலத்துக்கோ கூலி பேசி வேலைசெய்வோர் பெருகினர். அவர்களுக்கு அருகில் ஒரு மூத்தவர் இல்லை. ஐயம் கேட்பதற்கு அடுத்த மேசை இல்லை. பேசிய கூலி நியாயமானதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆளில்லை. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அச்சகத்திலே பணியாற்றிய யூடித்து புச்சர் 1975 இல் வெளியிட்ட பெருநூல் அத்தகையோர்க்கு ஆசானாயிற்று. அடுத்த ஆண்டு திருத்தக் குறிகளுக்கு ஒரு தேசிய நியமம் வந்தது. 1988 இல் தனித்தொழில் புரிவோர் தமக்கெனச் சங்கம் ஒன்று கண்டனர். பயிற்சி வகுப்பு நடத்துவதும், தேர்ச்சிக்கும் அநுபவத்துக்கும் ஏற்ப உறுப்பினரைப் படிப்படியாய் உயர்த்துவதும், இதற்குக் குறைந்து கூலி பேசவேண்டாம் என ஒரு தொகையை அறிவிப்பதும் அதன் பணி. 2020 இல் அது அரச பட்டயம் பெற்ற நிறுவனமாயிற்று. டிக்கின்சு தலைமையில் கூடியோர் கேட்ட கூலிக்கும் மதிப்புக்கும் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தே ஒரு பட்டயம் கிடைத்தது.

டிக்கின்சு பேசிய அதே காலத்தில், சென்னையிலே ஒரு தமிழ்நூல் அச்சுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் செய்த உரை அது. 1868 இல் வெளிவந்தது. பரிசோதித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. மேனாட்டில் முகப்பிலே இடம்பெறாத பரிசோதகர் பெயர், தமிழ் நூல்களில் முகப்பேறியது. பெயரைக் கண்டே கற்றோர் நூலை நம்பினர். ஆனால் அவர்க்குக் கூலி கொடுப்பார் யார்? சங்கம் இல்லை; பெரிய அச்சகத்தின் மேசையும் இல்லை.

அவர்கள் செய்த வேலையின் அருமையை ஏட்டுச்சுவடி அறியாதார் உணர்தல் அரிது. ஓலையிலே மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடில்லை. ஒகர ஓகாரமும் அவ்வாறே. ரகரமும் கால் என்னும் குறியும் ஒரே வடிவின. ஆதலின் 'போ' என்பதும் 'பேர்' என்பதும் ஓலையிலே வேறுபாடின்றித் தோன்றும். சொற்களுக்கிடையே வெளியில்லை, செய்யுள் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அடையாளமும் பெரும்பாலும் இல்லை. பல பிரதிகளை அருகே வைத்து ஒப்புநோக்கி, இலக்கணமும் பொருளும் துணையாக இன்னது பாடமென்று துணியவேண்டும். அதன்பின்னரே அச்சுக்கோப்போரின் பிழைகளைக் களையும் வேலை தொடங்கும். மேனாட்டில் இருவகைத் தொழிலாகப் பிரிந்திருந்தவற்றை இங்கே ஒருவரே சுமந்தார்.

நாவலர் இத்தொழிலைப் பயின்ற இடம் யாழ்ப்பாணத்து உவெசிலியன் மிசன். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பிலே அவர் துணைபுரிந்து, 1848 இல் அது சென்னை அறிஞர் முன் சோதிக்கப்பட்டபொழுது உடன் சென்றார். ஒரு சொல்லை நிறுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு, பிறர் எழுப்பும் தடைக்கு விடை கூறும் பயிற்சி அங்கே கிடைத்தது. தாம் ஏற்காத சமயத்தின் நூலிலே பெற்ற அப்பயிற்சியைத் தம் சமய நூல்களுக்குப் பயன்படுத்தினார். மிசன் சம்பளத்தை விட்டு நீங்கி வண்ணார்பண்ணையிலே பாடசாலை தொடங்கினார். 1849 இல் இந்தியா சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். பரிமேலழகர் உரையோடு 1861 இல் வெளிவந்த திருக்குறள் முதலாக அவர் பரிசோதித்த நூல்கள் பிழையின்மைக்குப் பெயர்பெற்றன. காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் வசனத்திலே ஒழுங்காக வழங்கியதும் அவர் பணியே. பொருளுதவிக்கோ இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர் போன்ற புரவலரையும், சைவ அன்பர்களையும் நாடவேண்டியிருந்தது. திருமணம் செய்யாதிருந்தமையும் அவ்வாழ்வை இயலச்செய்தது எனலாம். குடும்பம் உடையார்க்கு அவ்வழி பொருந்துமா?

குடும்பத்தையும் தொழிலையும் வைத்துக்கொண்டு அவ்வழி சென்றவர் தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினறியிலே கற்று, பேர்சிவல் பாதிரியாரின் 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராய்ச் சென்னை சென்றார். சென்னைச் சர்வகலாசாலை முதன்முதலாக நடத்திய பீ. ஏ. பரீட்சையில் தேறிய இருவருள் அவரும் ஒருவர். அரசாங்கக் கணக்கு நிலையத்திலே பதவியேற்று, அலுவல் ஒழிந்த வேளையில் ஏடு தேடினார். 1879 இல் நாவலர் மறைந்தார். அதுவரை தம் ஐயத்தைத் தீர்த்துவந்தவரை இழந்த பின்னர், தாமே முழுப்பாரத்தையும் ஏற்று 1881 இல் வீரசோழியத்தையும் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்த காலத்திலே, 1889 இல், சூளாமணியும் இலக்கணவிளக்கமும் வெளிவந்தன. தொட்ட இடம் ஒடிந்து, பூச்சியரித்துத் துளைபட்ட ஏடுகளோடு பட்ட துன்பத்தையும், கைப்பொருள் கரைந்ததையும் பதிப்புரைகளிலே அவர் மறையாது கூறியுள்ளார். வரவு செலவுக் கணக்கையே தொழிலாகக் கொண்டிருந்தவர் தம் நூற்பதிப்பிலே செலவை மாத்திரம் எழுதவேண்டியிருந்தது விந்தைதான்.

அக்காலத்திலே கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். கல்லூரிச் சம்பளம் இல்லத்துக்கு. அச்சுச் செலவுக்கு முன்னரே கையொப்பம் வாங்கிய அன்பர்தம் பணம். விடுமுறை முழுதும் சென்னை அச்சுக்கூடத்திலே. நீதிபதியும் கணக்கரும் ஆசிரியரும் ஓய்வு நேரத்திற் செய்த வேலையாகவே தமிழின் பழைய நூல்கள் பிழை நீங்கி வந்தன. அவ்வேலையால் மாத்திரம் ஒருவர் உண்டு வாழ்ந்திருந்தால், இன்னும் எத்தனை சுவடிகள் செல்லுக்கு இரையாகாது தப்பியிருக்கும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை. பின்னாளிலே அச்சுக்கூடங்கள் புலவர்க்குப் பாரத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துப் படி திருத்தும் வழக்கம் வந்தது. அதுவும் பிற தொழிலோடு ஒட்டிய சிறு வருவாயாகவே பலர்க்கு நின்றது.

தனியே வேலை செய்ததனால் வந்த குறையும் உண்டு. 1885 ஆம் ஆண்டுப் பொருளதிகாரப் பதிப்பிலே தாமோதரம்பிள்ளை உரை முழுவதையும் நச்சினார்க்கினியர் பெயராலேயே வெளியிட்டார். அதன் பிற்பகுதி உரை பேராசிரியர் செய்தது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். ஒப்புநோக்கச் சொல்லிக்கொடுக்க அருகில் நாவலர் இருந்திருப்பின் அது முன்னரே வெளிப்பட்டிருக்கலாம். எனினும் அச்சேறிய நூல் கையில் இருந்தமையாலன்றோ இராகவையங்கார் அதை ஆராய இயன்றது! அடுத்துவந்த பதிப்புகள் பேராசிரியரின் பெயரை உரிய இடத்திலே பொறித்துக்கொண்டன.