யார் சொன்னது?

"கூகுள்ல பார்த்தேன் சார்." இந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்று ஏழாம் வகுப்பு மாணவனிடம் கேட்டால் இன்று பெரும்பாலும் வருகிற பதில் இதுதான். சிரிப்பதற்கு முன் நம் உரையாசிரியர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர் மேற்கோள் பாடலை எடுத்துப் போடுவார். நூலின் பெயரைப் பல இடங்களில் சொல்ல மாட்டார். அதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. அவர் மனதில் வைத்து எழுதிய மாணவனுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். அடியைச் சொன்னாலே நூல் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட மாணவர்கள் இல்லாமல் போன காலத்தில்தான் சிக்கல் வந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபடி சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இறங்கிய உ.வே.சாமிநாதையருக்கு, உரையில் வரும் மேற்கோள்கள் பல எந்த நூலைச் சேர்ந்தவை என்றே தெரியவில்லை. கேட்டால் சொல்ல ஆளும் இல்லை. ஊர் ஊராகப் போய் ஏடுகளைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிந்தாமணி 1887-ல் வந்தது. பத்துப்பாட்டு 1889-ல், புறநானூறு 1894-ல். ஏடு கொடுத்தவர்களின் பெயர்களையும், பிரதிக்குப் பிரதி மாறும் பாடங்களையும் தன் பதிப்புகளில் பதிவு செய்தார். தான் பட்ட பாட்டை அடுத்தவன் படக்கூடாது என்ற அக்கறையாகவே இதை நான் வாசிக்கிறேன்.

கல்வெட்டுத் துறையும் அதே காலத்தில் இதே பழக்கத்துக்கு வந்தது. படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண், ஓர் ஆண்டு. 1930-களில் நீலகண்ட சாஸ்திரி 'சோழர்கள்' எழுதியபோது அடிக்குறிப்புகளில் அந்த எண்களைக் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அவர் முடிவுகளோடு சண்டை போட்டதும் அதே எண்களைப் பிடித்துப் போய்த்தான். சான்று காட்டுவது என்றால், என்னோடு மோதுவதற்கான வழியையும் நானே திறந்து வைப்பது.

இதை ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? மல்லாங்கிணறு மாதிரி ஒரு ஊரில் இது ரொம்பக் கஷ்டமில்லை. பெயரிலேயே கிணறு இருக்கிறது. எந்தக் கிணறு? யார் வெட்டினது? மல்லாங்கிணறா, மல்லாங்கிணரா? வீட்டில் கேட்டு வரச் சொன்னால் ஆளுக்கொரு கதை வரும். அப்போது "எது சரி?" என்று கேட்கக்கூடாது. "உனக்கு யார் சொன்னா? அவங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்க வேண்டும்.

அடுத்த பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனது சிவகாசிப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. போன வருஷம் 1922 என்று சில இடங்களிலும் 1923 என்று சில இடங்களிலும் எழுதப்படுகிறது. ஒரு வருஷ வித்தியாசம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் பத்துப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். இதை ஏழாம் வகுப்பிலேயே புரிந்துகொள்கிறவன் நாளைக்கு வாட்ஸப் ஃபார்வேர்டுகளில் எளிதில் சிக்க மாட்டான்.

நான் வேலை செய்யும் மென்பொருள் துறையில் 'கிட்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், என்றைக்கு மாற்றினார்கள் என்று அது காட்டும். குற்றம் கண்டுபிடிக்க அதைத் தேடுவதைவிட, அந்த ஆளிடம் போய் "ஏன் இப்படி எழுதினீங்க?" என்று கேட்கத் தேடுவதே அதிகம்.

அந்தக் கல்கத்தா பயணத்துக்காவது எழுதி வைத்த வரலாறு இருக்கிறது. தீப்பெட்டி ஒட்டியவர்களுக்கும் பட்டாசுக்குத் திரி வைத்தவர்களுக்கும் அது கொஞ்சம்தான். ஒரு பிள்ளை தன் கட்டுரையின் அடியில் "என் அப்பத்தா, வயது 71, வீட்டுத் திண்ணையில் சொன்னது" என்று தேதி போட்டு எழுதினால், அந்த அம்மாள் ஒரு சான்றாகிவிடுகிறாள். அவள் சொன்னது தவறாகக்கூட இருக்கலாம். நாளை இன்னொருவர் சரிபார்ப்பார். ஆனால் சரிபார்க்க வேண்டிய ஒரு வாக்குமூலமாகவாவது அது தாளில் இருக்கும். "பெரியவங்க சொல்வாங்க" என்று எழுதிவிட்டால் அதுவும் போயிற்று.