சிற்றாறு முதல் கடல் சேறு வரை: நூற்புழுக்களுக்குப் பெயர் வைத்த கதை

குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிக்கே தனி களை வந்துவிடும். அருவியில் விழுந்த தண்ணீர் சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. தண்ணீரோடு மலை மண்ணும் போகிறது. அந்த மண் படிகிற கடல் சேற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று யோசிப்பவர்கள் குறைவு.

அங்கே அதிகம் இருப்பவை நூற்புழுக்கள். பள்ளியில் உருளைப்புழு என்று படித்த அதே கூட்டம்தான். வயிற்றில் வளரும் நாக்குப்பூச்சி இவற்றின் உறவினர். ஆனால் கடல் சேற்றில் உள்ளவற்றில் பெரும்பாலானவை யாரையும் ஒட்டிப் பிழைப்பதில்லை. நீளம் பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் சேற்றில் 10 லட்சம் புழுக்கள் இருப்பது சாதாரணம்.

உடல் அமைப்பு

குழாய்க்குள் ஒரு குழாய். வெளியே தடித்த தோலுறை, உள்ளே வாயிலிருந்து ஆசனவாய் வரை உணவுப்பாதை. உடல் சுவரில் நீளவாக்குத் தசை மட்டுமே உண்டு, வளையத் தசை கிடையாது. அதனால் மண்புழு மாதிரி சுருங்கி நீள முடியாது, பாம்பு போல நெளியத்தான் முடியும். கடல் இனங்கள் பலவற்றுக்கு வால் நுனியில் பசை சுரக்கும் துளை இருக்கிறது. அலை அடித்தால் மணலில் ஒட்டிக்கொள்ள அது உதவும். தலையின் இரு பக்கமும் ஆம்ஃபிட் என்ற உணர்வுக் குழிகள். அவை சுருளாக இருக்கிறதா, வட்டமாக இருக்கிறதா, பை போல இருக்கிறதா என்று பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள்.

உதாரணத்துக்கு ஐரோப்பிய முகத்துவாரச் சேற்றில் வாழும் எனோப்ளஸ் பிரெவிஸ். இதன் வாயில் மூன்று தாடைகள். எனோப்ளஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே ஆயுதம் தரித்தவன் என்றுதான் பொருள். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் இதன் உடலிலும் இருப்பதை 1966-ல் கண்டுபிடித்தார்கள். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் பிழைக்க அது கைகொடுக்கிறது.

பெயர் வைத்தவர்கள்

இந்தப் புழுவுக்குப் பெயர் வைத்தவர் ஹென்றி பாஸ்டியன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1865-ல் வெளியான ஒரே ஆய்வில் 100 புதிய இனங்களை விவரித்தார். பிறகு குதிரையின் நாக்குப்பூச்சியை ஆராய்ந்தபோது கடும் ஒவ்வாமை வந்து, புழு ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். ரஷ்யாவின் ஃபிலிப்யேவ் 1918-ல் கருங்கடல் நூற்புழுக்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். ஸ்டாலின் காலத்தில் கைதான அவர் 1940-ல் இறந்தார்.

நம் வங்காள விரிகுடாவுக்கு வந்தவர் ரிச்சர்ட் டிம் என்ற அமெரிக்கப் பாதிரியார். 1952-ல் டாக்கா சென்று அங்குள்ள நோட்டர்டாம் கல்லூரியில் பாடம் நடத்தினார். வங்காள விரிகுடாவின் நூற்புழுக்களைப் பற்றிய அவரது ஆய்வு 1961-ல் வெளியானது. 1970 நவம்பரில் பெரும்புயல் அடித்தபோது நுண்ணோக்கியை வைத்துவிட்டு மன்புரா தீவில் நிவாரணப் பணிக்குப் போனார். 1987-ல் மகசேசே விருது பெற்றார். 2020-ல் காலமானார்.

அனாமத்துக் கணக்கு

1930களில் அமெரிக்காவின் சிட்வுட் நூற்புழுக்களை இரண்டாகப் பிரித்தார். வால் பக்கம் ஃபாஸ்மிட் என்ற உறுப்பு உள்ளவை ஒரு வகுப்பு, இல்லாதவை இன்னொரு வகுப்பு. கடல் புழுக்களில் பெரும்பாலானவை 'இல்லாத' பக்கம் போயின. கணக்கு எழுதுபவர்கள் எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்பார்களே, அது போலத்தான். ஒன்று இல்லை என்பதால் மட்டும் எல்லோரும் ஒரே குடும்பம் ஆகிவிட முடியாது. 1998-ல் 53 இனங்களின் மரபணுவை ஒப்பிட்டபோது அது உண்மையான வகுப்பு அல்ல என்று தெரிந்தது. அதன்பின் எனோப்ளியா, குரோமடோரியா என்ற இரண்டு புதிய வகுப்புகள் வந்தன. எனோப்ளஸ் முதல் வகுப்பில் இருக்கிறது.

இதனால் என்ன லாபம்?

கழிவு சேர்ந்தால் சேற்றிலுள்ள நுண்ணிய இறால் போன்ற உயிர்கள் குறைந்துவிடும், நூற்புழுக்கள் தாக்குப்பிடிக்கும். இரண்டையும் எண்ணி மாசை அளக்கலாம் என்று 1981-லேயே யோசனை சொன்னார்கள். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த இனம் என்றும் தெரிய வேண்டும் என்பது பிறகு புரிந்தது. தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. தென்கிழக்குக் கடற்கரை அலையாத்திக் காடுகளின் நூற்புழுக்கள் பற்றி 2007-ல் ஆய்வு வெளிவந்திருக்கிறது.

மரபணுவைப் படிக்க இன்று இயந்திரம் இருக்கிறது. ஆனால் அது காட்டும் வரிசை எந்தப் புழுவுடையது என்று சொல்ல, பாஸ்டியனும் டிம்மும் செய்தது போல நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து வைத்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் போனால், மலையிலிருந்து நாம் அனுப்பும் அழுக்குக்குச் சாட்சி சொல்லும் உயிர்கள் பெயர் தெரியாமலே கிடக்கும்.