பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு நாள்



நவம்பர் 16-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய் வருவது என்று நானும் என் மச்சானும் முடிவு செய்திருக்கிறோம். காலையில் கிளம்பி இரவு வீட்டுக்கு வந்துவிடும் பயணம்தான். ஆனாலும் குமாஸ்தா புத்தி விடுமா? முப்பது வருடத்துக்கு மேல் புதுச்சேரி அரசாங்கத்தில் கோப்பு எழுதிய கை, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேதி, புறப்படும் நேரம், வழி, செலவு என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்துவிட்டது. எழுத எழுத அது பயணத் திட்டமாக நிற்காமல் வேறு எங்கெங்கோ போயிற்று. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிறந்தது புதுச்சேரி. பிரெஞ்சு வழியில் படித்தவன். ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் ஊரான வெம்பக்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். என் தமிழில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எனக்கு வீட்டில் கிடைத்தது, பள்ளியில் கிடைத்தது பிரெஞ்சு.

பள்ளியில் எங்களுக்கு முதல் சரித்திரப் பாடமே வெர்சென்ழெத்தோரிக்ஸ் என்ற கோல் நாட்டுத் தலைவனைப் பற்றியது. கி.மு. 52-இல் அலேசியா என்ற கோட்டையில் ஜூலியஸ் சீசரிடம் தோற்றுச் சரணடைந்தவன். சீசர் அவனை ரோமுக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்துப் பிறகு கொன்றான். அந்தத் தோற்றவனுக்கு 1865-இல் மூன்றாம் நெப்போலியன் பெரிய சிலை எழுப்பினார். புதுச்சேரியில் வேட்டி கட்டிய வீட்டுப் பிள்ளைகளாகிய நாங்கள் அவனை எங்கள் பாட்டன் என்று நினைத்துக்கொண்டு பாடம் ஒப்பித்தோம். கட்டபொம்மன் பெயரை அப்போது கேள்விப்பட்டதுகூட இல்லை. 1959-இல் சிவாஜி கணேசன் நடித்த படம் வந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குக் கூட்டிப் போனார். தூக்குமேடைக் காட்சியில் கொட்டகையே அழுதது. எனக்கு மட்டும், 'இது வெர்சென்ழெத்தோரிக்ஸ் கதை மாதிரியே இருக்கிறதே' என்று தோன்றியது. சொன்னால் சிரிப்பீர்கள், எட்டு வயதுப் பையனுக்கு அப்படித்தான் தோன்றும்.

சரி, பயணத்துக்கு வருவோம்.

தேதியை ஏன் நவம்பர் 16 என்று வைத்தோம்? முதலில் நான் எழுதியது அக்டோபர் 16. 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட நாள் அது. மச்சான் ஒரே வார்த்தையில் அடித்துவிட்டார். "மாப்ள, அது தீபாவளி சீசன். நம்ம பக்கம் ஒரு கார் கிடைக்காது, ஒரு ஆளு கிடைக்க மாட்டான்." பட்டாசு ஊரில் இருந்துகொண்டு இதைக்கூட யோசிக்காமல் இருந்திருக்கிறேன். நவம்பர் 16 என்றால் எப்படியும் தீபாவளி முடிந்திருக்கும். தவிர, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்ட நாள் 1801 நவம்பர் 16. அண்ணனுக்குக் கூடும் கூட்டம் தம்பிக்குக் கூடுவதில்லை. நாங்கள் இரண்டு கிழவர்களாவது போய் நிற்போமே.

பயணம் கயத்தாற்றில் தொடங்குவதாக எல்லோரும் நினைப்பார்கள். என் நோட்டில் அது ஏழாயிரம்பண்ணையில் தொடங்குகிறது. நம்மவர்களில் பலர் ஏழாயிரம்பண்ணையைப் பட்டாசு ஆலைகளுக்காகவும் தீப்பெட்டிக்காகவும்தான் அறிவார்கள். அது ஒரு பாளையம். 1799-இல் கட்டபொம்மனோடு சேர்ந்து நின்றதற்காகக் கும்பினியார் பறித்துக்கொண்ட பாளையங்கள் ஆறு: பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர். ஆகவே, இந்தப் போர் எங்கோ தூத்துக்குடிப் பக்கம் நடந்த ஒன்றல்ல. தினமும் மினி பஸ்ஸில் கடந்து போகிற ஊருக்கும் அதில் பங்கு உண்டு. காரை அங்கே ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் போவதாகத் திட்டம்.

அங்கிருந்து கோவில்பட்டி. அங்கே காலை டிபன். பிறகு நான்குவழிச் சாலையில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் கயத்தாறு. சாலையோரத்திலேயே கட்டபொம்மன் சிலை நிற்கும். படத்தில் நடித்த சிவாஜி கணேசனே இடம் வாங்கி வைத்த சிலை அது. அரசு கட்டிய மணிமண்டபம் 2015-இல் திறக்கப்பட்டது. அதற்கெல்லாம் முன்னால் அங்கே சிலையும் இல்லை, மண்டபமும் இல்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்களாம். அந்தக் கற்குவியல்தான் நினைவுச் சின்னமாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல்தச்சனும் இல்லாமல், அரசாணையும் இல்லாமல் ஜனங்களே எழுப்பிய சின்னம்.

கயத்தாற்றிலிருந்து ஓட்டப்பிடாரம் போய், அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் பாஞ்சாலங்குறிச்சி. இப்போது பார்க்கிற கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது. சுவர்களில் ஓவியங்கள், வளாகத்தில் ஜக்கம்மாள் கோயில். பழைய கோட்டையின் மிச்சம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

பழைய கோட்டை கல்லால் ஆனதல்ல, மண் கோட்டை. நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடிதான். 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் படை அதைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. பெரிய பீரங்கிகள் வருகின்றன என்று தெரிந்ததும் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். கோட்டை இடிக்கப்பட்டது. அத்தோடு முடிந்தது என்று கும்பினியார் நினைத்தார்கள். ஆனால் 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களில் அதே இடத்தில் அதே கோட்டை மறுபடி எழும்பி நின்றது. மார்ச் 31-ஆம் தேதி மேஜர் மெக்காலே தலைமையில் நடந்த தாக்குதலும் தோற்றது. கடைசியில் கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்து மே 24-ஆம் தேதிதான் கோட்டையைப் பிடித்தார்.

மச்சான் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். இதைக் கேட்டதும் அவருடைய கேள்வியே வேறு. "மண் சுவரை உடைக்க முடியலையா அவனால?" நான் சொல்வதற்கு முன் அவரே பதிலும் சொன்னார். "குண்டு கல்லுல பட்டா கல்லு தெறிக்கும். மண்ணுல பட்டாப் புதைஞ்சு போகும். கரிசலையும் வைக்கோலையும் மிதிச்சுக் கட்டுன சுவரு இருக்கே, அது மருந்துக்கு அசையாது." சரித்திரப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்துத் தெரிந்துகொள்வதை, மருந்தோடு பழகிய கை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது.

அடுத்த வரியை வாசித்தபோதுதான் தகராறு வந்தது. நோட்டில், 'கோட்டைக்கு அருகே ஆங்கிலேயர் கல்லறைகள், 20 நிமிடம்' என்று எழுதியிருந்தேன். இந்தப் போர்களில் மாண்ட கும்பினிப் படையினரின் கல்லறைகள் அவை.

"அங்க எதுக்கு? நம்மாளத் தூக்குல போட்டவனக் கும்பிடணுமா?"

"கும்பிட இல்ல மச்சான், பார்க்கத்தான்."

"வெள்ளக்காரனாச்சும் அவன் ராசாவுக்காக வந்தான். அவன் கூட வந்தானே நம்மூரு சிப்பாயி, அவன் அதவிட மோசம். கூலிக்கு மாரடிச்ச பய."

நான் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எங்கள் நாற்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அப்படி எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை. காரணம் அவருக்குத் தெரியாது. என் மனைவிக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும்.

எங்கள் தாத்தாவின் தம்பி ஒரு சொல்தா. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளக்காரனை அப்படித்தான் சொல்வோம். 1914-இல் தொடங்கிய யுத்தத்துக்குக் கப்பலேறிப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் மனைவியைத்தான் நாங்கள் சின்னப் பாட்டி என்போம். புதுச்சேரிக் கடற்கரையில், காந்தி சிலைக்கு எதிரே, உயரமான நான்கு தூண்களுக்கு நடுவே, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் குனிந்து நிற்பான். முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம். ஜூலை 14-ஆம் தேதி அதில் விளக்கு எரியும். சின்னப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்லில் என்ன எழுதியிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். சிலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருடம் மெல்லச் சொன்னார்: "இவன் மொகம் நம்ம ஆளு மாதிரி இல்லையேடா."

அவர் பிரான்சுக்காகச் செத்தாரா, சம்பளத்துக்காகச் செத்தாரா? நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் நிலமில்லை, கடனிருந்தது. போனார். அவ்வளவுதான். பாஞ்சாலங்குறிச்சிச் சுவரில் ஏறிச் செத்த கும்பினிச் சிப்பாய்களில் பெரும்பாலானோர் நம் சென்னை ராஜதானியின் ஆட்கள். அவர்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்திருக்கும். அதிகாரிக்குக் கல்லில் பெயர் கிடைக்கும். சிப்பாய் ஏட்டில் எண்ணிக்கையாகத்தான் வருவான்.

இரண்டு நாள் கழித்து மச்சான் வந்தார். காபி குடித்தார். மழை வருமா என்று பேசினோம். பிறகு நான் சின்னப் பாட்டி கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "கூலிக்குத்தான் மச்சான் நீங்களும் மருந்து இடிச்சீங்க. நானும் கூலிக்குத்தான் கோப்பு எழுதினேன்" என்றேன். அவர் வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு வேலை பார்த்து வெடி விபத்தில் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்த ஊரிலும் கல் இல்லை. அதை நான் சொல்லவில்லை. அவருக்கும் சொல்லத் தேவையில்லை.

பேச்சை மாற்றுவதற்காக ஒரு சம்பவம் சொன்னேன். அதை எழுதி வைத்தவர் எதிரிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. கோட்டை விழுந்த அன்று ஒரு தாய் தன் மகனைத் தேடிக்கொண்டு பிணங்களுக்கு நடுவே வந்தாள். மகன் குற்றுயிராகக் கிடந்தான். தூக்கப் போனவளிடம், "என்னை விடு, சாமியைக் காப்பாற்று" என்று பக்கத்தில் காயத்தோடு கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். அவள் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை போட்டு இறந்த பிள்ளை என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள்.

"அந்தப் பய பேரு என்ன?" என்றார் மச்சான்.

"எழுதி வைக்கல. அந்தம்மா பேரும் இல்ல."

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "நீ அந்தக் கல்லறையப் போயிப் பாத்துட்டு வா. நான் கார்ல உட்கார்ந்திருக்கேன். இருபது நிமிசம்தான, உட்கார்ந்திருக்கேன்."

எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு உள்ள திட்டம் சுலபம். திரும்பும்போது ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு. அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5. பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சியில் தோற்ற அதே தேதி, மூன்று கிலோமீட்டர் தூரம், எழுபத்துமூன்று வருட இடைவெளி. அங்கிருந்து எட்டயபுரம். கட்டபொம்மனுக்கு எதிராக நின்ற அதே எட்டயபுரத்தில்தான் பாரதி பிறந்தார்; பிறகு எங்கள் புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை பத்து வருடம் இருந்தார். ஊரை வைத்து யாரையும் நல்லவன், கெட்டவன் என்று பிரித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மாலைக் காபியை அங்கே முடித்துக்கொண்டு, கோவில்பட்டி வழியாக இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் மழைக்காலம், தார்ச்சாலையை விட்டுக் கரிசலில் காரை இறக்காதீர்கள். குடிதண்ணீரும் மாத்திரையும் மறக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் கூட்டிப் போங்கள். கயத்தாறு போகும்போது உங்கள் ஊரிலிருந்து ஒரு சிறு கல்லை எடுத்துப் போங்கள். இப்போது அங்கே போடுவதற்குக் குவியல் இல்லை. ஆனால் கையில் வைத்திருந்தால், எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது கதையைச் சொல்லலாம்.

நான் இரண்டு கல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று ஏழாயிரம்பண்ணைப் பாதையில் பொறுக்கியது. அது கயத்தாற்றுக்கு. இன்னொன்று வெகுநாளாக என் அலமாரியில் இருப்பது, புதுச்சேரிக் கடற்கரையில் எடுத்தது. அதை மச்சான் காரில் உட்கார்ந்திருக்கும் அந்த இருபது நிமிடத்தில் வைத்துவிட்டு வருவேன்.

போய் வந்து எழுதுகிறேன்.