வலிக்காத சீட்டு தேடி

1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். மூன்று வாரங்களில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்து முடித்திருந்த பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன், அமெரிக்காவின் கிரெக் லெமாண்டைவிட 50 விநாடி முன்னால் இருந்தார். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர்தான் பாக்கி. அதை ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். முடிவில் 8 விநாடி வித்தியாசத்தில் லெமாண்ட் வென்றார். அவருடைய புதுவகை ஹேண்டில் பாரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் ஃபின்யோன் அன்று சீட்டுப் புண்ணோடும், அதனால் கெட்டுப்போன தூக்கத்தோடும் சைக்கிளில் ஏறியிருந்தார்.

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 1987-ல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் முதலிடத்தில் இருந்த அயர்லாந்தின் ஷான் கெல்லி, முடியச் சில நாட்களே இருக்கையில் இதே புண்ணால் இறங்கிவிட்டார். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தை வென்றார். 1955-ல் தொடர்ந்து மூன்றாவது முறையாக டூர் டி பிரான்ஸை வென்ற லூயிசோன் போபே, கொப்புளங்களோடு ஓட்டி முடித்தபின் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. இவர்களைவிட வலி பொறுத்தவர்களைக் காண்பது அரிது. ஆனாலும், சைக்கிள் ஓட்டி உட்காரும் இடம் வலித்தால் “போகப் போகப் பழகிவிடும்” என்பதே இன்றும் பெரியவர்கள் சொல்லும் மருந்து. சீட்டின் இருநூறு ஆண்டு வரலாறு அந்த மருந்தை ஏற்கவில்லை.

1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ஃபோன் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மர வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் போக வேண்டும். அதனால் சீட்டு, பாதம் தரையில் படும் உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். 1860-களில் பாரிஸில் மிஷோ பட்டறையினர் முன்சக்கரத்தில் பெடலை வைத்து விற்ற வண்டியில், நீண்ட எஃகுப் பட்டை ஸ்பிரிங்கின் மேல் சீட்டு உட்கார்ந்திருந்தது. இரும்புப் பட்டை அடித்த மரச் சக்கரம், கல் பாவிய தெரு. அந்த வண்டியை ஆங்கிலேயர்கள் ‘எலும்பு குலுக்கி’ என்று அழைத்ததில் வியப்பில்லை.

பிறகு வந்தது, முன்சக்கரம் ஆளுயரத்துக்கு நிற்கும் வண்டி. பெடல் அந்தச் சக்கரத்திலேயே இருந்ததால் அவரவர் கால் நீளத்துக்கு ஏற்ற சக்கரத்தைத்தான் வாங்க வேண்டும். சீட்டு சக்கரத்தின் உச்சியில் இருந்தது. அதை ஏற்றி இறக்கப் பெரிதாக வழியில்லை. 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்து செயின் மூலம் பின்சக்கரத்தைச் சுழற்றியபோதுதான் சீட்டு சக்கரத்திலிருந்து விடுதலை பெற்றது. ஏற்றலாம், இறக்கலாம், முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம். சீட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி உண்மையில் அன்றுதான் பிறந்தது. மூன்றாண்டு கழித்து டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். தெருவின் குலுக்கல் பாதி குறைந்தது. மீதி வலிக்குச் சீட்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிலைத் தேடியவர்களில் முக்கியமானவர் ஜான் பூல்ட்பி புரூக்ஸ். 1866-ல் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணமும் தோல் பொருட்களும் செய்யத் தொடங்கியவர். 1878-ல் அவருடைய குதிரை இறந்துபோக, வேலைக்குப் போக ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார் என்றும், சீட்டு தந்த வேதனையில்தான் புதிய சீட்டு செய்யக் கிளம்பினார் என்றும் அவருடைய நிறுவனம் சொல்லி வருகிறது. 1882-ல் அவர் காப்புரிமை பெற்றார். பிறகு உருவான புரூக்ஸ் சீட்டு எளிமையானது. தடித்த மாட்டுத் தோலை இரும்புச் சட்டத்தின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே இழுத்துக் கட்டி ரிவெட் அடிப்பார்கள். கீழே முட்டுக் கொடுக்க எதுவும் இல்லாததால் தோல் தூளிபோலத் தொங்கி எடையைத் தாங்கும். நாளடைவில் உட்காருபவரின் எலும்பு படும் இடத்தில் குழிந்து கொடுக்கும். தொய்ந்தால் சீட்டின் முன்முனையான மூக்கின் அடியிலுள்ள திருகை முடுக்கலாம். பி17 என்ற மாடல் நூறாண்டுக்கும் மேலாக விற்பனையில் இருக்கிறது. பழகிக்கொள்ளும் வேலையை உடம்பிடமிருந்து வாங்கித் தோலிடம் கொடுத்ததே புரூக்ஸின் பெருமை.

1890-களில் பெண்கள் பெருமளவில் சைக்கிள் ஏறினார்கள். சீட்டில் அவர்கள் உட்காரும் விதம் ஒழுக்கத்துக்குக் கேடு என்று சில மருத்துவர்கள் எழுதினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்பால்டிங் நிறுவனம் விற்ற கிறிஸ்டி சீட்டு வேறு வழியில் யோசித்தது. இரண்டு தனித்தனி மெத்தைகள், நடுவே இடைவெளி. இடுப்பெலும்பு சாதாரணச் சீட்டில் எப்படி உட்காருகிறது, இதில் எப்படி உட்காருகிறது என்று விளம்பரத்திலேயே படம் போட்டுக் காட்டினார்கள். உடம்பின் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். அவற்றுக்கு நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மென்மையான இடம் அழுந்தக் கூடாது. அந்த உண்மை அன்றே விளம்பரத்தில் அச்சாகிவிட்டது. பிறகு பல பத்தாண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தாமல் போனதுதான் வருத்தம்.

சீட்டின் உயரத்தை அளவுகோலுக்குக் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1967-ல் இங்கிலாந்தின் ஹேம்லி, தாமஸ் என்ற இருவர், கவட்டிலிருந்து தரைவரையுள்ள கால் நீளத்தில் 109 சதவீதம் என்ற கணக்கைத் தந்தார்கள். கால் நீளம் 80 சென்டிமீட்டர் என்றால், கீழே இறங்கிய பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை சுமார் 87 சென்டிமீட்டர். லெமாண்ட் பரப்பிய 0.883 என்ற பெருக்கல் கணக்கு, பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து அளப்பது. கணக்கு இருந்தாலும் உடம்பு மாறினால் சீட்டும் மாற வேண்டும். 1969-ல் பிரான்ஸின் புளுவா சைக்கிள் பந்தயத் தளத்தில் நடந்த விபத்தில் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸுக்கு இடுப்பு பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பந்தயத்தின் நடுவிலேயே சீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மெர்க்ஸை ரசிகர்கள் கண்டார்கள். உலகத்தின் தலைசிறந்த வீரரே வலியைப் பொறுத்துக்கொண்டு சும்மா உட்காரவில்லை.

கிறிஸ்டி சொன்ன உண்மைக்கு அறிவியல் சான்று வந்தது சைக்கிளில் ரோந்து போகும் அமெரிக்கப் போலீஸ்காரர்களிடமிருந்து. 90 பேருக்கு மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னது அந்நாட்டின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம். அந்த மென்மையான இடம் மரத்துப்போவதே இல்லை என்றவர்கள் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று 2008-ல் முடிவு வெளியானது. பழைய சீட்டுக்குத் திரும்பியவர்கள் மூன்றே பேர்.

தமிழ்நாட்டில் 1951 முதல் அம்பத்தூர் டி.ஐ. ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ் போன்ற சைக்கிள்களில் அகலமான ஸ்பிரிங் சீட்டு இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது எடை முழுவதும் பின்புறத்தில் இறங்குவதால் அதுவே பொருத்தம். குனிந்து ஓட்டும் பந்தய சைக்கிளுக்குத்தான் ஒடுங்கிய சீட்டு. குறை வேறிடத்தில் இருந்தது: ஒரே சைக்கிளை அப்பா, அண்ணன், தங்கை எல்லோரும் ஓட்டினார்கள், சீட்டின் நட்டை யாரும் தளர்த்தவில்லை. எட்டாத சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டார்கள்.

இன்று அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. வகுப்பில் ஒருவர் உயரம் மற்றவருக்கு இல்லை. சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளையைச் சீட்டில் உட்காரவைத்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைக்கச் சொல்லுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட்டு உயரம் அதிகம். அந்த ஆட்டத்தால் வரும் உரசலில் புண் வரலாம். முழங்கால் மிகவும் மடங்கினால் கொஞ்சம் ஏற்றுங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் மட்டமாக்குங்கள். ஒரு நேரத்தில் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாமல், சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். அதன் பிறகும் மரத்துப்போனாலோ புண் ஆறாவிட்டாலோ மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பழகிக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.