1971 அகதிகள் வருகையும் இந்தியாவின் ஏழைகளும்

1971 மார்ச் இறுதி முதல் டிசம்பர் வரை கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவிற்குள் வந்தனர். இருபதாம் நூற்றாண்டில் மிகக் குறுகிய காலத்தில் நடந்த மிகப் பெரிய இடப்பெயர்வுகளில் இதுவும் ஒன்று. அவர்களுக்கு உணவும் கூரையும் மருந்தும் அளித்த நாடு, தன் சொந்தக் குடிமக்களில் கோடிக்கணக்கானோருக்கு இரண்டு வேளை உணவை உறுதிசெய்ய முடியாதிருந்த நாடு. சொந்த நாட்டு ஏழை இருக்க, அயல்நாட்டாருக்கு உதவலாமா என்ற கேள்வி அந்த ஒன்பது மாதங்களில் நாடாளுமன்றத்திலும் எல்லைப்புறச் சந்தைகளிலும் எழுந்தது. இரண்டு இடங்களிலும் அதன் பொருள் ஒன்றாக இருக்கவில்லை.

வறுமையை ஒழிப்போம் என்ற வாக்குறுதி

1971 மார்ச்சில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் இந்திரா காந்தி முன்வைத்த முழக்கம் ‘கரீபி ஹட்டாவோ’, அதாவது ‘வறுமையே வெளியேறு’. அவருடைய கட்சி 518 இடங்களில் 352 இடங்களை வென்றது. அவ்வாண்டு தொடக்கத்தில்தான் வி. எம். தாண்டேகர், நீலகண்ட ரத் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் இந்தியாவின் வறுமை பற்றிய ஆய்வை வெளியிட்டிருந்தனர். 1960-61ஆம் ஆண்டுக் கணக்கின்படி கிராம மக்களில் சுமார் 40 விழுக்காட்டினரும் நகர மக்களில் சுமார் பாதிப்பேரும் போதிய உணவுக்கான செலவைக்கூடச் செய்ய இயலாதவர்கள் என்று அவர்கள் கணித்தனர்.

புதிய அரசு மார்ச் 18இல் பதவியேற்றது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 இரவில், பாகிஸ்தான் இராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. மார்ச் 31இல் இந்திய நாடாளுமன்றம் கிழக்கு வங்க மக்களுக்கு ஆதரவாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மே 24இல் பிரதமர் மக்களவையில் பேசியபோது வந்தவர்களின் எண்ணிக்கை 35 இலட்சத்தை எட்டியிருந்தது. பாகிஸ்தான் தன் உள்நாட்டுச் சிக்கல் என்று கூறுவது இப்போது இந்தியாவின் உள்நாட்டுச் சிக்கலாகிவிட்டது என்பதே அவர் பேச்சின் சாரம்.

எல்லையை மூடுவது பற்றிப் பேச்சு எழாமல் இல்லை. ஆனால் மிக நீண்ட, ஆறுகளும் வயல்களும் குறுக்கிட்ட அந்த எல்லையை மூடுவது நடைமுறையில் இயலாது. மேலும் மேற்கு வங்கத்தில் பல குடும்பங்களுக்கு எல்லைக்கு அப்பால் உறவினர் இருந்தனர். வந்தவர்களில் ஏறத்தாழ 31 இலட்சம் பேர் முகாமில் தங்காமல் உறவினர், நண்பர் வீடுகளில் தங்கினர். ‘அயல்நாட்டார்’ என்ற சொல் தில்லியில் ஒலித்ததைப் போல நதியா மாவட்டத்தில் ஒலிக்கவில்லை.

களஞ்சியத்தில் இருந்த தானியம்

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இத்தகைய உதவியை இந்தியா நினைத்தும் பார்த்திருக்க முடியாது. 1966இல் பீகார் வறட்சியின்போது நாடு ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்கா சலுகை முறையில் அனுப்பிய தானியம். 1970-71இல் நிலைமை மாறியிருந்தது. பசுமைப் புரட்சியின் பயனாக உணவு தானிய விளைச்சல் 10.8 கோடி டன்னை எட்டியது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் கையிருப்பு இருந்தது. முகாம்களுக்கு அரிசியும் கோதுமையும் அனுப்ப முடிந்தது இதனால்தான்.

தானியம் இருந்தது என்பதற்காக அது இந்திய ஏழைக்குத் தட்டுப்பாடின்றிக் கிடைத்தது என்று பொருளல்ல. வாங்கக் காசில்லாதவனுக்குக் கிடங்கு நிறைந்திருந்தாலும் ஒன்றுதான், காலியாக இருந்தாலும் ஒன்றுதான். அகதிக்கு விலையின்றிக் கொடுக்கப்பட்ட அதே அரிசியை உள்ளூர்க் கூலித்தொழிலாளி விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. மனக்கசப்பின் வேர் இங்கே இருந்தது.

ஐந்து காசு வரி

மே மாத வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஒய். பி. சவாண் அகதிகள் நிவாரணத்திற்கு 60 கோடி ரூபாய் ஒதுக்கினார். அது போதவில்லை. சில மாதங்களிலேயே மேலும் 200 கோடி ரூபாய் தேவைப்பட்டது. 1972 மார்ச் வரையிலான மொத்தச் செலவு 70 கோடி டாலர் ஆகும் என உலக வங்கி மதிப்பிட்டது. வெளிநாடுகள் அளிப்பதாகக் கூறிய தொகை அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஆகவே அரசு புதிய வரிகளை விதித்தது. 1971 நவம்பர் 15 முதல் அஞ்சல்களுக்கு வழக்கமான கட்டணத்துடன் 5 காசு அகதிகள் நிவாரண வரியும் சேர்ந்தது. உள்நாட்டுக் கடிதத்திற்கு அப்போது கட்டணம் 20 காசு. இரயில் பயணச்சீட்டு, விமானப் பயணச்சீட்டு, நாளிதழ் ஆகியவற்றின் மீதும் வரி ஏறியது. தனி அஞ்சல் தலை அச்சாகி வருவதற்குள் வரி நடைமுறைக்கு வந்துவிட்டதால், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 5 காசு குடும்பக் கட்டுப்பாட்டு அஞ்சல் தலையின் மீது ‘அகதிகள் நிவாரணம்’ என்ற பொருள்படும் சொற்களைப் பதித்து விற்றனர். அவசரத்தில் பல நகரங்களில் ஆங்காங்கே அச்சிடப்பட்டதால் எழுத்து வடிவங்கள் வேறுபட்டன. அஞ்சல் தலை சேகரிப்போர் அவற்றை இன்றும் தேடுகின்றனர். அகதிகளின் படம் தாங்கிய தனி அஞ்சல் தலை டிசம்பர் 1இல் வெளிவந்தது.

கடிதம் எழுதும் ஒவ்வொருவரும் ஐந்து காசு கொடுப்பது என்பது சுமையை நாடு முழுவதும் மெல்லியதாகப் பரப்பும் முறை. மதுரையிலோ புனேயிலோ இருந்தவர் அந்த ஐந்து காசால் வறியவராகவில்லை. ஆனால் உண்மையான சுமை அஞ்சல் தலையில் இல்லை.

எல்லை மாவட்டங்கள்

அகதிகளில் 72 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கு வங்கத்தில் இருந்தனர். அம்மாநிலம் ஏற்கெனவே வேலையின்மையாலும் நக்சலைட்டு மோதல்களாலும் நிலைகுலைந்திருந்தது. ஜூன் இறுதியில் அங்குக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெள்ளம் வந்தது. கல்கத்தாவின் உப்பு ஏரிப் பகுதியில் மட்டும் இரண்டரை இலட்சம் பேர் தங்கினர். புதிய நகருக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த கழிவுநீர்க் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்த காட்சி அன்றைய நாளிதழ்களில் படமாக வந்தது.

அகதிகள் வேலை செய்யக்கூடாது என்பது அரசின் விதி. அவர்கள் தற்காலிகமாக வெளியேறி வந்தவர்கள், திரும்பிச் செல்ல வேண்டியவர்கள் என்பதே அரசு தொடக்கம் முதல் வலியுறுத்திய நிலைப்பாடு. ஆனால் முகாமில் உணவு கிடைத்த ஒருவர் குறைந்த கூலிக்கும் வயலில் இறங்கத் தயாராக இருந்தார். அந்தக் கூலியில்தான் முழுக் குடும்பத்தையும் காக்க வேண்டிய உள்ளூர்த் தொழிலாளியால் அவருடன் போட்டியிட முடியவில்லை. கூலி இறங்கியது; காய்கறி, மண்ணெண்ணெய், விறகு விலை ஏறியது. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்பு நின்றது. மருத்துவமனைப் படுக்கைகளில் காலரா நோயாளிகள் நிறைந்தனர். விளைச்சலை விற்ற நிலவுடைமையாளருக்கும் கடைக்காரருக்கும் இது இலாபமான காலம். நிலமற்றவருக்கு இது கூலி பறிபோன காலம்.

ஒரு நாடு அயலாருக்கு உதவியது என்று எழுதும் வரலாறு பெரும்பாலும் இதைக் கடந்து சென்றுவிடுகிறது. நாடு முழுவதும் ஒரே அளவில் உதவவில்லை. எல்லையோரத்து ஏழை, தன்னைக் கேட்காமலேயே, மற்றவர்களைவிடப் பல மடங்கு கொடுத்தார்.

திரிபுராவில் இது இன்னும் கூர்மையாக இருந்தது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கிருந்தோர் சுமார் 15.5 இலட்சம். வந்து சேர்ந்தோர் சுமார் 14 இலட்சம். இரயில் பாதை வடக்கே தர்மநகரோடு நின்றது. அதற்கப்பால் ஒவ்வொரு மூட்டை அரிசியும் மலைச்சாலை வழியாகவே வந்தது. அமெரிக்க விமானப் படை விமானங்கள் அரிசியைக் கொண்டுவந்து இறக்கி, திரும்பும்போது அகதிகளை அசாமுக்கு ஏற்றிச் சென்றன. பாகிஸ்தானை ஆதரித்துவந்த அமெரிக்காவின் விமானங்களே இப்பணியில் ஈடுபட்டது அக்காலத்தின் முரண்களில் ஒன்று. திரிபுராவின் பழங்குடியினர் 1941இல் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதியாக இருந்தவர்கள். பிரிவினைக்குப் பின் வந்து குடியேறியவர்களால் 1971இல் அவர்கள் 29 விழுக்காடாகச் சுருங்கியிருந்தனர். அவர்களைப் பொறுத்தவரை கேள்வி இந்தியரா அயலாரா என்பதல்ல. தம் மண்ணில் தாம் யார் என்பது.

பொங்காவ் மருத்துவமனை

எல்லை நகரமான பொங்காவில் முகாம்களிலிருந்து காலரா நோயாளிகள் வந்து குவிந்தனர். நரம்பு வழியாக ஏற்றும் உப்புக்கரைசல் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலநோபிஸ் சமையல் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றைத் தண்ணீரில் கலந்து வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். ஆய்வகங்களில் அறியப்பட்டிருந்த முறைதான் அது. ஆனால் பயிற்சி பெறாத உறவினர்கள் கையால் ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துப் பார்த்தவர் எவருமில்லை. 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு விகிதம், இம்முறையைக் கையாண்டபின் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. பின்னாளில் இந்தியக் கிராமங்களில் வயிற்றுப்போக்கால் சாகவிருந்த குழந்தைகளைக் காப்பாற்றிய உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு அகதி முகாம்களில் கிடைத்த இந்த அனுபவம் ஒரு பெரும் சான்றாக அமைந்தது. மகலநோபிஸுக்கு மறைவுக்குப்பின் 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

செலவும் போரும்

அகதிகளைக் காலவரையின்றிப் பராமரிப்பதைவிடப் போரின் செலவு குறைவு என்ற வாதமும் அவ்வாண்டில் எழுந்தது. தில்லியின் பாதுகாப்பு ஆய்வு நிறுவன இயக்குநரும் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவருமான கே. சுப்ரமணியம் இராணுவத் தலையீட்டை வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர். போருக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் ஏழை நாடு ஒன்றால் இந்தச் சுமையை நெடுநாள் தாங்க முடியாது என்ற எண்ணம் அந்த முடிவில் கலந்திருந்ததை மறுக்க முடியாது. இரக்கத்தின் பெயரால் திறந்த எல்லை, கணக்கின் பெயரால் போருக்கு வழிவகுத்தது.

அக்டோபர் இறுதியில் ஒடிசாவைப் புயல் தாக்கியது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். நிவாரணப் பணிகள் கிழக்கு எல்லையில் குவிந்திருந்த நேரம் அது. உலகின் செய்தியாளர்களும் அங்கேதான் இருந்தனர். ஒடிசாவின் இறப்புகள் அகதி முகாம்களின் செய்திகளுக்கு இடையே சிறிதாகவே இடம்பெற்றன.

திரும்பிச் சென்றோர்

டிசம்பர் 16இல் போர் முடிந்தது. 1972 ஜனவரி தொடங்கி அகதிகள் திரும்பினர். மார்ச் இறுதிக்குள் முகாம்கள் ஏறத்தாழ முழுவதும் காலியாயின. வந்த வேகத்திலேயே இத்தனை பேர் திரும்பிச் சென்றது அரசே எதிர்பாராதது. எல்லை மாவட்டங்களில் மிதிபட்ட வயல்களும் வெட்டப்பட்ட மரங்களும் எஞ்சின.

அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. புதிதாகப் பிறந்த வங்காளதேசத்திற்கு இந்தியா தானியம் அனுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில் மகாராட்டிரத்தில் கடும் வறட்சி பரவியது. அங்கு அரசு இலவச உணவு அளிக்கவில்லை. நிவாரண வேலை அளித்தது. 1973 கோடையில் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் கல் உடைத்தும் சாலை போட்டும் குளம் வெட்டியும் கூலி பெற்றனர். அகதிகள் நிவாரணத்திற்கான ஐந்து காசு வரி அந்தக் கோடை தொடங்கும்வரை, 1973 மார்ச் 31 வரை, கடிதங்களின் மீது வசூலிக்கப்பட்டது.